படிவத்தின் ஏழாவது கட்டம்

மூன்று வழிகளாவது காட்டச் சொல்கிறது படிவம்.
மூன்றுக்கும் விலை.
எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று
ஏழாவது கட்டம்; அதில்
இரண்டு வரிக்குத்தான் இடம்.

டாக்டர் ரன்வா ரெய்க்யவிக் போகவேண்டும்.
செப்டம்பர் கடைசி வாரம், மூன்று நாள்,
தலைசுற்றல் பற்றிய மாநாடு.
இரண்டாம் நாள் காலை பதினொன்று பத்துக்கு
அவருக்குப் பன்னிரண்டு நிமிடம்.

வழி ஒன்று.
பேருந்தில் கடலடிச் சுரங்கம் நுழைந்து
வாகர் தீவில் வெளியே வந்தால் விமான நிலையம்.
அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். மலிவு.
ஆனால் எங்கள் ஓடுதளத்துக்கு ஒரு பழக்கம்:
பனிமூட்டத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும்.
போன வருடம் எலும்புப் பிரிவுக்காரர்
மூன்று நாள் அங்கேயே காத்திருந்து
தன் மாநாடு முடிந்த செய்தியைக்
காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படித்தார்.

வழி இரண்டு, கோபன்ஹேகன் வழியாக.
தென்கிழக்கே இரண்டு மணி, ஓர் இரவு விடுதி,
பிறகு வந்த கடலையே திரும்பத் தாண்டி
வடமேற்கே மூன்று மணி.
மேகம் விட்டால்
நம் வீட்டுக் கூரையை மேலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது, என்றேன்.
டாக்டர் சிரித்தார்.
அவருடைய துறையே அதுதானே.

வழி மூன்றை இடம் நிரப்பத்தான் எழுதினேன்.
கப்பல்.
டோர்ஸ்ஹவன் துறையிலிருந்து ஓர் இரவும் அரைப் பகலும்,
ஐஸ்லாந்தின் கிழக்கு முனை வரை.
இறங்கினால் தலைநகரம்
நாட்டின் மறு ஓரத்தில் இருக்கிறது:
வாடகைக் கார், அறுநூற்றைம்பது கிலோமீட்டர்,
வழியில் ஆடுகள்.
டாக்டர் ரன்வாவோ
கட்டிக்கிடக்கும் படகில் கால் வைத்தாலே
வெளிறிப்போகிறவர். மருத்துவமனை முழுக்கத் தெரியும்.
மீனவர்களின் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

"மூன்று" என்றார்.

விலையைத் தவறாகப் படித்தாரோ என்று
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
"சாமலை நினைவிருக்கிறதா, பெய்னிர்?"

எப்படி மறக்கும்?
நாற்பத்தொரு வருடம் காட் மீன் பிடித்தவர்.
ஓய்வு பெற்ற வாரத்திலிருந்து
அவருடைய சமையலறை ஆடத் தொடங்கியது.
ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குள் நீர் விட்டுப் பார்த்தார்கள்.
சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள்.
எல்லாம் சரியாக இருந்தது, அவரைத் தவிர.
என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று
அடுத்த தேதி கேட்டபோது சொன்னார்:
"எனக்கு ஒன்றுமில்லை தம்பி,
உங்கள் தரையை யாராவது கட்டிப் போடுங்கள்."

டாக்டரின் பன்னிரண்டு நிமிடமும் அவர்தான்.
பெயர் கிடையாது. வயதும் வரைபடமும் மட்டும்.

"அந்த வரைபடத்தை நாற்பது தடவை பார்த்துவிட்டேன்,
ஒரு தடவையாவது எனக்கு ஆடட்டும்."

ஏழாவது கட்டத்தில் இதை எப்படி எழுதுவது?
கணக்குப் பிரிவின் ஹில்டுர்
கமா விட்டுப்போனாலே திருப்பியனுப்புகிறவர்.
பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு
"பனிமூட்ட அபாயம்" என்று எழுதினேன்.
கேள்வியே வரவில்லை. இங்கே
அந்தச் சொல்லுக்குத் திறக்காத கதவு கிடையாது.

அக்டோபரில் ரசீதுகள் வந்தன, கசங்கிய ஓர் உறையில்.
பெட்ரோல். ஆட்டிறைச்சி சூப். மறுபடியும் பெட்ரோல்.
கப்பல் கடையில் வாங்கிய குமட்டல் மாத்திரை, ஒரு அட்டை.
அட்டையும் உறைக்குள்ளேயே இருந்தது,
பத்தும் பிரிக்காமல்.

எப்படி இருந்தது என்றேன்.
மேடைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான்
பேசினாராம். பயந்துவிட்டார் என்று நினைத்து
முன்வரிசைப் பெண் ஒருத்தி
டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளாம்.
"அந்த மண்டபத்தில்
தண்ணீர் ஒன்றுதான் ஆடவில்லை, பெய்னிர்.
அதையே பார்த்துக்கொண்டு முடித்தேன்."

சாமலுக்குத் தேதி போடச் சொன்னார்.
வழக்கமான கால் மணி போதாது, ஒரு மணி நேரம்.
அதற்கும் ஒரு படிவம் உண்டு.
அதிலும் காரணம் கேட்கிறார்கள்.